முன்வரிசைக்கு வரி

எங்கள் நாடகத் திரையில் ஒரு ஓட்டை இருந்தது. எலி கடித்தது என்பார் ஆர்மோனியக்காரர். நடிகன் எவனோ சுருட்டு வைத்துச் சுட்டது என்பார் திரை இழுப்பவர். எது எப்படியோ, ஆள் உயரத்துக்குச் சரியாக, கண்ணை வைத்துப் பார்க்க வசதியாக அமைந்துவிட்டது. ஆட்டம் தொடங்குமுன் அதில் கண் வைத்துக் கூட்டத்தை ஒரு தடவை பார்க்காவிட்டால் எனக்கு வசனம் வராது.

அன்று மாலையும் பார்த்தேன். தலையில் அட்டைக் கிரீடம், இடுப்பில் தகர வாள், மேலுதட்டில் இன்னும் பசை காயாத மீசை. அந்தப் பசை நாற்றத்தில் எனக்குத் தும்மல் வேறு முட்டிக்கொண்டு வந்தது.

முன்வரிசையில், நட்டநடுவில், பால்காரர் கருப்பையா உட்கார்ந்திருந்தார்.

பஃப்பலோ ரோட்டுக் கொட்டகையில் மாடு வைத்து, சைக்கிளில் பால் கொண்டுபோய் ஊற்றுகிற அதே கருப்பையாதான். மெத்தை வைத்த நாற்காலியின் நுனியில், இரண்டு கைகளையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, போட்டோ எடுக்கக் காத்திருப்பவர் மாதிரி அசையாமல் இருந்தார். தலையில் எண்ணெய் மினுமினுத்தது. தோளில் ஜரிகைக் கரை போட்ட துண்டு. அவருக்கு இந்தப் பக்கம் கெம்பல் லேனில் பூக்கட்டும் அம்மாள், மகளோடு. அந்தப் பக்கம் இரண்டு சலவைக்காரர்களும் கச்சான் பூத்தே என்று வறுகடலை விற்கிற ஒருவரும்.

எனக்குத் தும்மல் நின்றுவிட்டது. ஏழெட்டு வருடமாக அந்த ஓட்டை வழியாகப் பார்க்கிறேன். அந்த வரிசையில் முதலாளிமார்களைத் தவிர வேறு யாரையும் கண்டதில்லை.

சுவா சூ காங்கிலிருந்து ஒரு கேள்வி

கருப்பையா அந்த நாற்காலிக்கு எப்படி வந்தார் என்பதுதான் இந்த வாரப் பத்தி. அதற்கு முன் ஒரு வாசகருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் முதல் சம்பளத்தைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு சுவா சூ காங்கிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: “அந்தக் காலத்தில் எல்லாரும் ஒழுங்காக வரி கட்டினார்களா? பெரிய கம்பெனிகள் கட்டினவா, அல்லது மாசச் சம்பளக்காரன் மட்டும்தான் மாட்டிக்கொண்டானா?”

ஐயா, நான் துறைமுகத்தில் பேரேடு எழுதும் கிராணி வேலை பார்த்தவன். சனி ஞாயிறுகளில் மட்டும் ராஜா. நாட்டின் வரவு செலவைப் பற்றிப் பேச எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஆனால் ஓர் அரங்கத்துக்குள் நடந்தது எனக்குத் தெரியும். அதைச் சொல்கிறேன். உங்கள் கேள்விக்கு அதில் பதில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐம்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடம் கேட்டு எழுதாதீர்கள், எனக்கு நினைவில்லை. வெள்ளைக்காரன் இன்னும் மூட்டை கட்டவில்லை, ஆனால் கட்டப்போகிறான் என்று கோப்பிக்கடைக்குக் கடை பேச்சு.

மஞ்சள் அட்டை

அப்போது நாடகம், சினிமா, சர்க்கஸ் எல்லாவற்றுக்கும் கேளிக்கை வரி உண்டு. டிக்கெட்டை அச்சடித்து, கட்டுக் கட்டாக வரி அலுவலகத்துக்குக் கொண்டுபோனால் ஊதா நிறத்தில் முத்திரை குத்தித் தருவார்கள். விற்கிற ஒவ்வொரு டிக்கெட்டிலும் ஒரு பங்கு அரசாங்கத்துக்கு. பின்னால் பெஞ்சில் உட்காருகிற ஒரு வெள்ளி, அதாவது ஒரு டாலர் டிக்கெட்டுக்கும் உண்டு. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களும் தெருக்கூட்டுகிற பெண்களும் அந்த முத்திரையோடுதான் உள்ளே வந்தார்கள்.

முன்வரிசைக்கு மட்டும் வேறு ஏற்பாடு. அங்கே டிக்கெட் கிடையாது. மஞ்சள் அட்டை உண்டு. முதலாளி ஒருவர் நாடகத்துக்கு நன்கொடை என்று ஒரு தொகையை உறையில் போட்டுத் தருவார். நாங்கள் அவர் கம்பெனிக்கு இருபது மஞ்சள் அட்டை கொடுப்போம். இரண்டாம் அங்கம் முடிந்ததும் அவரை மேடைக்கு அழைத்து மாலை போடுவோம். அவர் நாலு வார்த்தை பேசுவார். நாலு என்று ஆரம்பித்து நாற்பது நிமிடம் போனவர்களும் உண்டு.

உறையில் வந்தது நன்கொடை. உட்கார்ந்தது மரியாதை. அதனால் முத்திரை இல்லை, வரியும் இல்லை. இதை யாரும் தப்பு என்று நினைத்ததில்லை. எங்கள் நாடக மன்றம் மட்டுமல்ல, எல்லா மன்றமும் அப்படித்தான் செய்தது.

அந்த வழக்கத்தில் கை வைத்தவர் எங்கள் செயலாளர் அன்னம்மா டீச்சர்.

மாடியறைக் கூட்டம்

டீச்சருக்குப் பூர்வீகம் யாழ்ப்பாணம். பிறந்தது இங்கேதான் என்றாலும் பேச்சில் யாழ்ப்பாணம் அப்படியே இருக்கும். வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, கையில் எப்போதும் ஒரு புளிப்பு மிட்டாய்ப் பொட்டலம். சிராங்கூன் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, கம்பம் என்கிற ஒரு குடிசைக் கிராமத்தில் இருந்த தமிழ்ப் பள்ளியில் படிப்பித்தார். நான்கு அறைகள், அத்தனைக்கும் அத்தாப்பு ஓலைக் கூரை. மழை வந்தால் பிள்ளைகள் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு ஒழுகாத இடம் தேடி அலைவார்கள். சிலேட்டில் எழுதியது தானாக அழிந்துபோகும். அந்த வருடம் மழைக்காலம் வருமுன் தகரம் போட்டாக வேண்டும் என்று டீச்சர் பிடிவாதமாக இருந்தார். அதற்காகத்தான் நாடகம்.

கோப்பிக்கடைக்கு மேலே இருந்த மாடியறையில் கூட்டம். கீழிருந்து வறுத்த கோப்பிக்கொட்டை வாசனை பலகைச் சந்து வழியாக ஏறி வரும். தலைவர் நடேசன் எழுந்து நல்ல செய்தி என்றார். தங்கையா முதலாளி முன்வரிசை முழுவதையும் எடுத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார். அந்த உறை ஒன்றே இரண்டு அறைகளுக்குத் தகரம் போடும்.

எல்லாரும் கை தட்டினோம். டீச்சர் தட்டவில்லை.

“அவருக்கு அட்டையோ டிக்கெட்டோ?” என்று கேட்டார்.

“என்ன டீச்சர் புதுசா கேக்குறீங்க? அட்டைதான்.”

“அப்ப அந்தக் காசுக்கு வரி இல்லை.”

“நன்கொடைக்கு ஏது டீச்சர் வரி?”

“காசு குடுக்கிறார். கதிரையில இருக்கிறார். நாடகம் பார்க்கிறார். அது டிக்கெட் இல்லாம வேறென்ன? பின்னுக்கு இருக்கிறவை ஒரு வெள்ளி குடுத்து வரியும் கட்டீனம். முன்னுக்கு இருக்கிறவருக்கு நாங்கள் மாலை போடுறம்.”

நடேசன் நல்ல மனிதர்தான். வக்கீல் ஆபீஸில் வேலை. வார்த்தையைச் சுற்றி வளைத்துப் பழக்கம். பள்ளிக்கூடத்துக்காகச் செய்வதைத் தர்மமாகப் பார்க்க வேண்டும் என்றார். அப்படியானால் முழு வசூலையும் பள்ளிக்கே கொடுத்துவிட்டு வரி விலக்குக் கேட்கலாமே என்றார் டீச்சர். அது முடியாது. அரங்க வாடகை, உடுப்பு வாடகை, மிருதங்கக்காரர் கூலி, எல்லாம் அந்த வசூலிலிருந்துதான் போக வேண்டும்.

அப்போது டீச்சர் சொன்னதை நான் மறக்கவில்லை. குரலை உயர்த்தாமல்தான் சொன்னார்.

“எங்கட பள்ளிக்கூடத்துக்கு அரசாங்கம் மானியம் தருது. என்ர சம்பளத்தில பாதி அது. சோக்கட்டி, புத்தகம், எல்லாம் அதிலதான். அந்தக் காசு எங்கயிருந்து வருதெண்டு நினைக்கிறீங்கள்? பின் பெஞ்சில இருந்துதான் வருது. அவையின்ர காசில படிப்பிச்சுக்கொண்டு, வரியை ஒளிச்ச தகரத்துக்குக் கீழ நிண்டு பிள்ளையளுக்கு நான் என்னத்தைச் சொல்லிக் குடுக்கிறது?”

வாக்கெடுப்பு வைத்தார்கள். ஒரு வாக்கு வித்தியாசத்தில் டீச்சர் ஜெயித்தார். அந்த ஒன்று நான்தான். ஏதோ நியாயத்துக்காகக் கை தூக்கினேன் என்று நினைத்து என்னைப் புகழ வேண்டாம். மூன்றாம் அங்கத்தில் நான் உருண்டு புரண்டு உயிரை விடுகிற காட்சியில் முன்வரிசை வருடா வருடம் குறட்டை விடும். அந்தக் கோபம் எனக்கு.

முதலாளி கடையில்

முதலாளியிடம் சொல்லும் வேலை டீச்சருக்கு. துணைக்கு நான். ஜெயித்த வாக்குக்குத் தண்டனை என்று நடேசன் சொன்னார்.

தங்கையா முதலாளியின் கடைக்குள் நுழைந்தால் முதலில் மிளகாய் நெடி வரும், அப்புறம் புதுத் துணி வாசம். முன்பக்கம் மளிகை, பின்பக்கம் ஜவுளி, மாடியில் கம்பெனி ஆபீஸ். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்தவர். கடையைக் கம்பெனியாகப் பதிந்து, பலகையில் பெரிய எழுத்தில் போட்டிருந்தார். கறாரான ஆள், ஆனால் வாய்க்கு வந்தபடி பேசமாட்டார். எங்களை உட்காரவைத்துத் தேநீர் வரவழைத்தார்.

டீச்சர் விஷயத்தைச் சொன்னார். இந்த வருடம் அட்டை இல்லை, முன்வரிசைக்கும் டிக்கெட், ஐந்து வெள்ளி, வரி உட்பட.

முதலாளி சிரித்தார். “டீச்சரம்மா, நான் பள்ளிக்கூடத்துக்குத் தர்மம் செய்யுதேன். தர்மத்துக்கு எவனாச்சும் வரி கட்டுவானா?”

“தர்மமெண்டால் சந்தோஷம். உங்கட பேரில ரசீது தாறன். அதுக்குக் கதிரை இல்லை.”

“நாற்காலி இல்லியா?”

“கதிரை வேணுமெண்டால் டிக்கெட் எடுக்கோணும்.”

முதலாளி சிரிப்பை நிறுத்தினார். கல்லாவில் இருந்த கணக்கப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். அந்தத் தெருவில் அவரிடம் இப்படிப் பேசிய ஆளை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

“நான் கம்பெனி வரி கட்டுதேன். கடைக்கு லைசென்ஸ் கட்டுதேன். கப்பல்ல இறங்குற சரக்குக்குக் கட்டுதேன். இன்னும் நாடகம் பாக்கவும் கட்டணுமாக்கும்?”

“ஓம். நானும் கட்டுறன், உங்கட கடையில மூட்டை தூக்கிறவரும் கட்டுறார். வித்தியாசம் என்னெண்டால், எங்களுக்கு ஒருத்தரும் மஞ்சள் அட்டை தாறதில்லை.”

முதலாளி எங்கள் கோப்பைகளைக் காட்டினார். தே ஆறிவிடும், குடியுங்கள் என்றார். குடித்தோம். எழுந்து கும்பிட்டார். உறை வரவில்லை.

தெருவுக்கு வந்ததும் டீச்சர் குடையை விரித்தார். வெயில் கூட இல்லை. எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது போலும். “தகரம் போச்சுது” என்றார். எனக்கு அவர் மேல் கோபமும் வந்தது, பெருமையாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வருமா என்று கேட்காதீர்கள். வந்தது.

மூன்று பேருக்கு ஒரு நாற்காலி

நடேசன் குதித்தார். முன்வரிசையை இனி யார் வாங்குவார் என்றார். ஐந்து வெள்ளி என்றால் அந்தக் காலத்தில் கூலி ஆளுக்கு ஒன்றிரண்டு நாள் உழைப்பு.

டீச்சர் டிக்கெட் கட்டை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். பள்ளி விட்டதும் குடையும் கையுமாகத் தேக்கா வட்டாரத்தைச் சுற்றுவார். நானும் வேலை முடிந்ததும் போய்ச் சேர்ந்துகொள்வேன். சலவைக்காரர் வீடு, பூக்கடை, மாவு மில், மாட்டுக்கொட்டகை. வாங்குங்கள் என்று அவர் கெஞ்சவே இல்லை. “முன்வரிசையில இடம் இருக்கு. இந்த முறை காசு குடுத்தா ஆரும் இருக்கலாம்” என்பார், அவ்வளவுதான். அதைக் கேட்டவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கருப்பையா அப்போது எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டு வந்தார்.

“முன்வரிசைன்னா, முதலாளிமாரு உக்காருவாங்களே, அதுங்களா?”

“அதேதான்.”

“நாடகம் நடக்கறப்ப யாராச்சும் பெரிய ஆளு வந்தா எங்கள எழுப்பி விட்டுருவீங்களா?”

“டிக்கெட் கையில இருந்தா ஒருத்தரும் எழுப்ப ஏலாது. நான் பொறுப்பு.”

கருப்பையா உள்ளே போய்த் தன் மச்சான்மார் இருவரோடு குசுகுசுவென்று பேசினார். திரும்பி வந்து ஐந்து வெள்ளியைச் சில்லறையாக டீச்சர் கையில் வைத்தார். பால் வாடை அடித்தது அந்தச் சில்லறையில்.

இப்படித்தான் அந்த வரிசை கொஞ்சம் கொஞ்சமாக விற்றது. ஆனால் நாங்கள் கவனிக்காமல் விட்ட ஒன்று இருந்தது. நாடக நாளன்று வாசலில் அது வெடித்தது. கருப்பையாவும் இரண்டு மச்சான்மாரும் ஒரே டிக்கெட்டோடு வந்து நின்றார்கள். மூன்று பேர் சேர்ந்து வாங்கிய டிக்கெட், நாடகமும் மூன்று அங்கம், ஆளுக்கு ஓர் அங்கம் என்று தங்களுக்குள் பாகம் பிரித்து வைத்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் சலவைக்காரர்களும் அதே ஏற்பாட்டோடு நின்றார்கள்.

வரி அலுவலகத்திலிருந்து அன்று சோதனைக்கு ஒரு மலாய்க்கார அதிகாரி வந்திருந்தார். சொங்கோக் தொப்பி, மடிப்புக் கலையாத சட்டை. ஒரு டிக்கெட்டுக்கு மூன்று ஆளா என்று அவர் புருவத்தைத் தூக்கினார். டீச்சர் மலாயில் பதில் சொன்னார். ஒரு டிக்கெட், ஒரு நாற்காலி, ஒரு நேரத்தில் ஓர் ஆள், மற்ற இருவரும் வாசலுக்கு வெளியே. அதிகாரி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். இது எந்தச் சட்டத்திலும் இல்லை என்றார். இல்லாவிட்டால் தடையும் இல்லைதானே என்றார் டீச்சர். அவர் சிரித்துக்கொண்டே டிக்கெட்டைக் கிழித்து அடிக்கட்டையைக் கொடுத்தார். முதல் அங்கம் கருப்பையாவுக்கு.

கார் வந்து நின்றது

இப்போது திரை ஓட்டைக்கு வந்துவிட்டோம்.

முதல் மணி அடித்தாயிற்று. அந்த நேரம் பார்த்து வாசலில் சலசலப்பு. தங்கையா முதலாளி வந்துவிட்டார். காரிலிருந்து அவர் இறங்க, பின்னால் இன்னும் இரண்டு வண்டிகளில் கம்பெனி மானேஜர்களும் கணக்கர்களும். தான் இல்லாமல் முன்வரிசை இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை போலும். டீச்சர் சொன்னது ஏதோ கோபத்தில் சொன்னது, மன்றம் அவரை அடக்கியிருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

நடேசன் ஓடினார். முன்வரிசைக்கு வந்து கையைப் பிசைந்தார். “கருப்பையா, கொஞ்சம் பின்னால போங்கப்பா. நீங்கள்லாம் கொஞ்சம் எந்திரிங்க. முதலாளி வந்துட்டாரு. காசத் திருப்பித் தந்துர்றேன்.”

கருப்பையா எழுந்துவிட்டார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. முதலாளியைக் கண்டதும் கால் தானாக எழுந்துகொண்டது. பூக்கட்டும் அம்மாளும் மகளை இழுத்துக்கொண்டு எழுந்தாள்.

டிக்கெட் கவுண்டரிலிருந்து டீச்சர் வேகமாக நடந்து வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை, அன்றும் ஓடவில்லை. “இருங்கோ, கருப்பையா. எல்லாரும் இருங்கோ.”

“டீச்சர், விளையாடாதீங்க” என்றார் நடேசன்.

“இவைக்கு நான் வாக்குக் குடுத்திருக்கிறன்.”

எனக்குப் பொறுக்கவில்லை. உதவிக்குப் போகிறேன் என்று திரையை விலக்கிக்கொண்டு மேடைக்கு முன்னால் வந்துவிட்டேன். பின்பெஞ்சுக்காரர்கள் நாடகம் ஆரம்பித்துவிட்டது என்று விசில் அடித்தார்கள். ஆர்மோனியக்காரர் பதறிப்போய் ராஜா வருகைப் பாட்டைத் தொடங்கிவிட்டார். நான் வாளைப் பிடித்தபடி, பேச வசனம் இல்லாமல், விளக்கு வெளிச்சத்தில் நின்றேன். திரும்பி உள்ளே போகவும் முடியவில்லை. அதனால் அடுத்து நடந்தது அத்தனையும் மிக அருகில் பார்த்தேன்.

முதலாளி நாற்காலி வரிசைக்கு வந்து நின்றார். கருப்பையாவைப் பார்த்தார்.

“நம்ம வீட்டுக்குப் பால் ஊத்துத கருப்பையாதான?”

“ஆமாங்க, முதலாளி.”

“டிக்கெட்டு வச்சிருக்கியா?”

கருப்பையா மடியிலிருந்து அடிக்கட்டையை எடுத்துக் கொடுத்தார். “அஞ்சு வெள்ளிங்க. மச்சான்மாரு ரெண்டு பேரும் நானும் சேந்து போட்டதுங்க. அவங்க வெளிய நிக்கிறாங்க.”

முதலாளி அந்தத் துண்டுத்தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஊதா முத்திரையைப் பெருவிரலால் ஒரு தடவை தேய்த்தார். அரங்கம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் மனசு வைத்தால் அங்கேயே எங்கள் மன்றத்தை ஊத்தி மூடியிருக்கலாம். அடுத்த வருடம் எந்தக் கடைக்காரரும் எங்களுக்குக் கதவு திறந்திருக்க மாட்டார்.

துண்டைக் கருப்பையா கையில் திரும்ப வைத்தார்.

“உக்காரு. உன் எடம்லா இது.”

பிறகு டீச்சர் பக்கம் திரும்பினார். “வேற என்ன இருக்கு?”

“பின்னுக்கு பெஞ்சுதான். ஒரு வெள்ளி.”

“எங்க ஆளு பதினாலு பேரு. குடுங்க.”

மானேஜர்கள் முகம் போன போக்கைச் சொல்லி முடியாது. முதலாளி தானே கவுண்டருக்குப் போய், பணத்தை நீட்டி, பதினான்கு டிக்கெட்டையும் வாங்கினார். ஒவ்வொன்றிலும் முத்திரை இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார், வியாபாரி அல்லவா. அப்புறம் ஜிப்பாவைச் சுருட்டிக்கொண்டு, மூட்டை தூக்குகிறவர்களுக்கு நடுவே இடம் பண்ணச் சொல்லி உட்கார்ந்தார். யாரோ அவருக்குக் கச்சான் நீட்டினார்கள். வாங்கிக்கொண்டார்.

நான் உள்ளே போய் மறுபடி வெளியே வந்து நாடகத்தை ஆரம்பித்தேன். என் வாழ்க்கையில் முன்வரிசை விழித்திருந்தது அன்றுதான். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்கள், சிரிக்கக் கூடாத இடத்திலும் சிரித்தார்கள். ஒவ்வோர் அங்கம் முடிந்ததும் அந்த நடு நாற்காலியில் ஆள் மாறும். ஜரிகைத் துண்டு மட்டும் மாறாது, தோளிலிருந்து தோளுக்குப் போயிற்று. மூன்றாம் அங்கத்தில் நான் செத்தபோது பூக்கட்டும் அம்மாள் வாய்விட்டு அழுதாள். சின்ன மச்சான் எழுந்து நின்று பார்த்தார். நான் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டு செத்தேன்.

மாலை வேறு வாங்கி வைத்திருந்தார்கள். யாருக்குப் போடுவது என்று நடேசனுக்குத் தெரியவில்லை. கடைசியில் குழப்பத்தில் என் கழுத்தில் போட்டுவிட்டார். செத்த ராஜாவுக்கு மாலை பொருத்தம்தான்.

நான்காவது அறை

மறுவாரம் டீச்சர் வரிப்பணத்தைக் கட்டப் போனார். நானும் கூடப் போனேன். அதே அதிகாரி எண்ணி வாங்கிவிட்டு, இந்த வருடம் உங்கள் முன்வரிசைக்கும் வந்திருக்கிறதே என்றார். டீச்சர் அவருக்கு ஒரு புளிப்பு மிட்டாய் கொடுத்தார். அதற்கு வரி உண்டா என்று அவர் கேட்டதும் டீச்சர் சிரித்தார். அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

மிச்சப் பணத்தில் மூன்று அறைகளுக்குத் தகரம் வந்தது. நான்காவது அறை அத்தாப்போடு நின்றது. தங்கையா முதலாளி மனம் இளகி ஓடி வந்து அதற்கும் கொடுத்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவர் கொடுக்கவில்லை. டீச்சரோடு ஒரு வருடம் முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. ஆனால் அடுத்த நாடகத்துக்குக் கடை ஆள் ஒருவன் வந்து ஐந்து வெள்ளி டிக்கெட் ஐந்து கேட்டான். அட்டை கேட்கவில்லை. அதற்கடுத்த வருடம் அவரே மாடியேறி வந்தார். மொத்தமாக எடுத்தால் வரியில் ஏதாவது குறையுமா என்று பேரம் பேசினார். விலையில் குறைக்கிறேன், வரியில் குறைக்க அது என் காசு இல்லை என்றார் டீச்சர். சரிதான் என்று முழுசாகக் கொடுத்துவிட்டுப் போனார்.

மழை வந்தால் நான்காவது அறைப் பிள்ளைகளை மற்ற மூன்று அறைகளில் திணித்து உட்காரவைப்பார்கள். அப்படியே சில வருடம் ஓடியது. அதற்குள் நாட்டில் என்னென்னவோ மாறிவிட்டது. கொடி மாறியது, பாட்டு மாறியது. ஜூரோங் சதுப்பை நிரப்பி ஆலை கட்டப்போகிறார்கள் என்றார்கள், நாங்கள் நம்பவில்லை. அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்குக் கட்டட மானியம் வந்தது. முழுவதும் அரசாங்கப் பணம். நான்காவது அறைக்குச் சிமெண்டுத் தரை, புதுத் தகரம்.

திறப்பு நாளன்று நல்ல மழை. பந்தல் நனைந்துவிட்டதால் வந்தவர்கள் எல்லாரும் அந்த அறைக்குள்ளேயே நெருக்கியடித்து நின்றோம். தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்தில் பேச்சாளர் பேசியது யாருக்கும் கேட்கவில்லை. அதுவும் நல்லதுதான். டீச்சர் சுவரோரமாக நின்று, ஒழுகுகிறதா என்று மூலை மூலையாக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். எங்கேயும் ஒழுகவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும் கலங்கியது, எழுதுவதற்கு என்ன வெட்கம்.

தங்கையா முதலாளி அவர் பக்கத்தில் வந்து நின்றார். மழைச் சத்தத்தை மீறிக் கத்த வேண்டியிருந்தது.

“டீச்சரம்மா, இந்தத் தகரத்துல நாலஞ்சு நம்மளுது. வருசா வருசம் கம்பெனி கட்டுன வரிலா.”

எங்களுக்குப் பின்னால் கருப்பையா நின்றிருந்தார். கொஞ்சம் யோசித்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அப்ப ஆணி எங்களுதுங்க, முதலாளி” என்றார்.

முதலாளி திரும்பிக் கருப்பையாவைப் பார்த்தார். பிறகு தலையை உயர்த்தி, கூரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நிதானமாகப் பார்த்தார். சரக்கு இறக்கும்போது மூட்டைகளைக் கண்ணால் அளப்பாரே, அப்படி.

“தகரத்தக் காட்டியும் ஆணிதான்டே கூட இருக்கு” என்றார்.

மழை விட ரொம்ப நேரமாயிற்று. யாரும் நனையவில்லை.